க்யூஆர் கோடு ஒரு நேரம் படிக்கிறது, ஒரு நேரம் படிக்கவில்லை: நிரல் எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

கைபேசியில் காட்டியதும் படித்துவிடும் கோடு, நாம் எழுதிய நிரலில் மட்டும் முரண்டு பிடிக்கும். விளக்கைப் போட்டால் படிக்காது, அணைத்தால் படிக்கும். மேசையில் வைத்தால் படிக்காது, கையில் எடுத்தால் படிக்கும். இத்தகைய சிக்கல்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் கீழே உள்ளன. பைதான், ஜாவாஸ்கிரிப்ட், ஆண்ட்ராய்டு மூன்றும் கலந்தே வருகின்றன. உங்களுக்குத் தேவையில்லாததைத் தாண்டிச் செல்லலாம். முதல் மூன்று கேள்விகளை மட்டும் தாண்டாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

படிக்க மறுத்த ஃபிரேமை, அதாவது கேமரா தந்த அந்தத் தனிப் படத்தை, கோப்பாகச் சேமிப்பதிலிருந்து. அதைச் செய்யாமல் கோட்டைப் படிக்கும் நிரல் நூலகத்தை மாற்றுவதும், வரம்பு எண்களைத் திருகுவதும், கிடைத்த வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் இருட்டில் துழாவுவதுதான்.

சேமிக்க வேண்டியது திரையில் தெரியும் முன்னோட்டம் அல்ல. வாசிக்கும் சார்புக்கு நீங்கள் அனுப்புகிற அதே பைட்டுகளை, அனுப்புவதற்கு முந்தைய வரியில் பிடித்து, பிஎன்ஜி கோப்பாக எழுதுங்கள். ஜேபெக் வேண்டாம், அதன் சுருக்கமே புதிய சேதத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். முன்னோட்டமும் வாசிப்புக்குப் போகும் படமும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளில் வருபவை. முன்னோட்டம் பளிச்சென்று இருக்கும்போது, நூலகத்துக்குப் போன படம் பாதியாகச் சுருங்கியோ, சாய்ந்தோ, முழுக் கறுப்பாகவோ இருந்ததைக் கோப்பைத் திறந்த பிறகே பலர் அறிகிறார்கள்.

பத்து இருபது ஃபிரேம்கள் சேர்ந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் கறுப்பு-வெள்ளைக் கட்டங்களை உங்கள் கண்ணாலேயே பிரித்தறிய முடியவில்லை என்றால் கோளாறு படத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தும் படிக்கவில்லை என்றால் மட்டுமே நூலகத்தின் மீது சந்தேகப்படலாம். என் கணிப்பில் முதல் வகைதான் மிகப் பெரும்பான்மை.

கைபேசி உடனே படித்துவிடுகிறதே. அப்படியானால் என் நிரலில்தானே பிழை?

கைபேசி படித்தது என்றால் கோடு அடியோடு பழுதாகவில்லை என்பது உறுதி. அதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. கைபேசியின் கேமரா தானாக ஃபோகஸ் செய்கிறது, ஒளிக்கேற்ப எக்ஸ்போஷரை (ஒளியை உள்வாங்கும் அளவை) மாற்றுகிறது, ஒரு நொடிக்குள் பல ஃபிரேம்களை முயன்று பார்க்கிறது. பிடித்திருக்கும் கையும் தன்னையறியாமல் சரியான தூரத்துக்கு நகர்கிறது. அதே கோட்டை நிலையாகப் பொருத்திய, ஃபோகஸ் மாறாத வெப்கேமரா முன் வைத்தால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால், உங்கள் நிரல் சேமித்த ஃபிரேமைக் கணினித் திரையில் திறந்து, அந்தப் படத்தைக் கைபேசியால் படித்துப் பாருங்கள். கைபேசியும் தடுமாறினால் விடை கிடைத்துவிட்டது.

நூலகம் கோட்டையே காணவில்லையா, கண்டும் படிக்க முடியவில்லையா? இதை எப்படி அறிவது?

இந்தக் கேள்வியை எழுப்பினாலே பாதி வேலை முடிந்தது. வாசிப்பில் நான்கு படிநிலைகள் உண்டு: படத்தைப் பிடித்தல், அதில் கோடு இருக்கும் இடத்தைக் கண்டறிதல், ஒவ்வொரு கட்டத்தையும் 0 அல்லது 1 ஆக்கிப் பிழைதிருத்தம் செய்தல், கிடைத்த பைட்டுகளை எழுத்தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பட ஆய்வு நூலகமான ஓபன்சிவியின் க்யூஆர் வாசிப்பான் உரையோடு நான்கு மூலைப் புள்ளிகளையும் திருப்பித் தருகிறது. புள்ளிகள் வந்து உரை வெற்றுச் சரமாக இருந்தால், இடம் கண்டறியப்பட்டு வாசிப்பில் தோற்றிருக்கிறது. புள்ளிகளே வரவில்லை என்றால் கண்டறிதலிலேயே தோல்வி. பலர் உரை வெறுமையா என்று மட்டும் சோதித்துவிட்டு இந்தத் தகவலை வீணாக்குகிறார்கள். இசட்எக்சிங் என்ற வாசிப்பு நூலகத்தின் ஜாவா வடிவத்தில் 'காணவில்லை', 'செக்சம் பிழை', 'வடிவமைப்புப் பிழை' எனத் தனித்தனி விதிவிலக்குகள் எழும். மூன்றையும் ஒரே பிடியில் பிடித்து விழுங்கிவிடாமல் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

கண்டறிதல் தோற்றால் மூன்று மூலைச் சதுரங்களைப் பாருங்கள். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு கிழித்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என 1:1:3:1:1 விகிதத்தில் வரும். பல நூலகங்கள் தேடுவது இந்த விகிதத்தைத்தான். ஒரு சதுரம் நிழலில் மூழ்கினாலோ, விளிம்பில் வெட்டுப்பட்டாலோ, மினுமினுப்பில் கரைந்தாலோ மற்றவை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. பிழைதிருத்தம் இதற்கு உதவாது. அது அடுத்த படிநிலையில்தான் வேலைக்கு வருகிறது.

கேமராவின் தெளிவுத்திறன் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேமராவின் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். கோட்டின் ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கேளுங்கள். 3 பிக்சலுக்குக் கீழே போனால் வாசிப்பு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 4-5 இருந்தால் ஓரளவு நம்பலாம். கலங்கலோ சாய்வோ இருக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கணக்கு எளிது. க்யூஆர் கோட்டில் 1 முதல் 40 வரை பதிப்புகள் உள்ளன. முதல் பதிப்பு 21×21 கட்டம். ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்துக்கு 4 கட்டம் கூடி, 40-ஆம் பதிப்பு 177×177 ஆகிறது. 640 பிக்சல் அகல ஃபிரேமில் கோடு மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் அதற்குச் சுமார் 213 பிக்சல் கிடைக்கும். 4-ஆம் பதிப்புக்கு 33 கட்டம், அதாவது கட்டத்துக்கு 6.5 பிக்சல், சிக்கல் இல்லை. 10-ஆம் பதிப்புக்கு 57 கட்டம், அதாவது 3.7 பிக்சல். காட்டுபவர் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் அது 3-க்குக் கீழே இறங்கிவிடும். 'சில நேரம் படிக்கிறது' என்ற புகாரின் பின்னால் இருப்பது பல நேரங்களில் இந்த எண் மட்டுமே.

அப்படியானால் கோட்டைச் சிறியதாக்க என்ன வழி?

உள்ளே போடுவதைக் குறையுங்கள். பெயர், முகவரி, தேதி என முழுப் பதிவையும் ஜேசானாக உள்ளே திணிப்பதை விட, ஓர் அடையாள எண்ணைப் போட்டு மற்றவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுப்பது நல்லது. இணையம் இல்லாத சூழல் என்றால் வேறு பேச்சு.

குறியாக்க முறையும் உதவும். எண்கள் மட்டும் இருந்தால் கோடு மிகச் சிக்கனமாக இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், இடைவெளி, சில குறிகள் என 45 எழுத்துக்குறிகளுக்கு ஒரு தனி முறை உண்டு. சிறிய எழுத்து ஒன்று நுழைந்தாலும் அந்தப் பகுதி பைட் முறைக்கு மாறிவிடும். இணைய முகவரியின் தொடக்கமும் தளப்பெயரும் பெரிய எழுத்தில் இருந்தாலும் செல்லும். அதற்குப் பின்வரும் பாதை அப்படியல்ல, சர்வரைப் பொறுத்தது.

தமிழ்ச் சொற்கள் இடம்பெறும் முகவரிகளில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள். எனவே 21 பைட்டு. அதே சொல் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு மாற்றி எழுதப்பட்டால் 63 எழுத்தாக வீங்கும். நான்கு தமிழ்ச் சொல் உள்ள முகவரியைச் சிறிய லேபிளில் அச்சிட்டுவிட்டு வாசிப்பானைக் குறைசொல்லிப் பயனில்லை. குறுமுகவரி ஒன்றை உருவாக்குங்கள்.

பிழைதிருத்தத்தை உச்சத்தில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பரவலான நம்பிக்கை இது, பாதிதான் உண்மை. நான்கு நிலைகள் உள்ளன: எல் ஏறக்குறைய 7 விழுக்காடு, எம் 15, க்யூ 25, ஹெச் 30 விழுக்காடு சேதம் வரை தாங்கும். ஆனால் இந்தத் தாங்குதிறன் இலவசம் அல்ல. 60 பைட்டு முகவரியை எம் நிலையில் எழுதினால் 4-ஆம் பதிப்பு போதும். ஹெச் நிலையில் 7-ஆம் பதிப்பு வேண்டும். பக்கத்துக்கு 33 கட்டம் என்பது 45 ஆகிறது. அச்சிடும் அளவு மாறவில்லை என்றால் ஒவ்வொரு கட்டமும் சிறுக்கிறது.

எனவே கேள்வி உங்கள் சேதம் எத்தகையது என்பது. கீறல், அழுக்கு, கிழிசல் என்றால் உயர் நிலை உதவும். தூரம், கலங்கல், குறைந்த தெளிவுத்திறன் என்றால் உயர் நிலை நிலைமையை மோசமாக்கும்; அங்கே எல் அல்லது எம் நல்லது. அதே 60 பைட்டுக்கு எல் நிலையிலும் 4-ஆம் பதிப்புதான் வரும் என்பதையும் கவனியுங்கள். அங்கே எம்முக்கு மாறுவதால் எந்த இழப்பும் இல்லை. சில உருவாக்கும் நூலகங்கள் இந்த உயர்த்தலைத் தாமாகவே செய்துவிடும்.

நடுவில் லோகோ வைக்கலாமா?

வைக்கலாம், ஹெச் நிலையில், சிறியதாக. 30 விழுக்காடு என்பதைப் பரப்பளவு என்று எண்ணி அவ்வளவையும் மறைத்துவிடாதீர்கள். அது குறிச்சொற்களின், அதாவது கோட்டில் உள்ள 8 பிட் தரவுத் துண்டுகளின், கணக்கு. அந்த ஒதுக்கீட்டில் லோகோவே எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அழுக்குக்கும் மினுமினுப்புக்கும் ஒன்றும் மிஞ்சாது. மூலைச் சதுரங்களையும் அவற்றை ஒட்டிய பட்டைகளையும் எதுவும் தொடக்கூடாது.

கோடு வெள்ளைத் தாளில் படிக்கிறது, என் செயலியின் திரையில் படிக்கவில்லை. ஏன்?

முதல் சந்தேகம் வெற்று ஓரம். கோட்டைச் சுற்றி நான்கு பக்கமும் 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் இருக்க வேண்டும் என்பது தர விதி. வடிவமைப்பாளர்கள் இதை வீணான இடம் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெள்ளைத் தாளில் தாளே ஓரமாகிவிடுவதால் பிழை தெரியாது; கருநிறப் பின்னணியில் வைத்ததும் மூலைச் சதுரங்கள் பின்னணியோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் நிறத் தலைகீழ். இருள் பாங்கில் செயலி எல்லா நிறங்களையும் புரட்டும்போது கோடும் புரண்டு, கறுப்பில் வெள்ளைக் கட்டங்களாகிறது. சில நூலகங்கள் இதையும் படிக்கும், சில படிக்கா, சில அனுமதித்தால் மட்டும் படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேஎஸ்கியூஆரிலும் இசட்எக்சிங்கிலும் தலைகீழ்ப் படத்தையும் முயலச் சொல்லும் விருப்பத் தேர்வு இருக்கிறது. கோட்டை உருவாக்குவது நீங்களே என்றால் வாசிப்பானைத் திருத்துவதை விட, கோட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைப் பெட்டியை வைப்பது எளிது.

மூன்றாவது, ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி. அதைச் சாம்பல்நிறமாக மாற்றும்போது ஒளிபுகும் பிக்சல்களின் நிற மதிப்பு பெரும்பாலும் 0, அதாவது கறுப்பு. கறுப்பின்மேல் கறுப்பு. கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் கோப்பு நிரலுக்கு வெறும் கறுப்புச் சதுரம். மாற்றுவதற்கு முன் வெள்ளைப் பரப்பின்மேல் படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்.

வண்ணக் கோடுகள்?

வாசிப்பான் பார்ப்பது வெளிச்ச வேறுபாட்டை, வண்ணத்தை அல்ல. வழக்கமான சாம்பல்நிறக் கணக்கில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என எடை. பளிச்சென்ற மஞ்சள் இந்தக் கணக்கில் 226 ஆகிறது; வெள்ளை 255. இந்த இடைவெளியில் எந்த வாசிப்பானும் திணறும். அடர் நீலம், அடர் பச்சை, கரும்பழுப்பு ஆகியவற்றை வெள்ளைமேல் வைத்தால் தொல்லையில்லை.

ஃபோகஸ்தான் பிரச்சினை என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?

நிலைஃபோகஸ் வெப்கேமராக்கள் பொதுவாகக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் முகத்துக்காக அமைக்கப்பட்டவை. கோட்டை லென்ஸுக்கு அருகே கொண்டுபோகப் போகக் கலங்கும். படிக்கவில்லை என்றால் இன்னும் அருகே காட்டுவது மனித இயல்பு. அது நிலைமையைக் கெடுக்கிறது. கோட்டைப் பெரிதாக அச்சிட்டுத் தள்ளி வைக்கச் செய்யுங்கள். ஏறக்குறைய 10:1 என்பது ஒரு நடைமுறைக் கணக்கு: 2 செ.மீ. கோடு என்றால் 20 செ.மீ. தூரம்.

சிறிய மைக்ரோகன்ட்ரோலர் கேமராக்களில் லென்ஸைத் திருகி ஃபோகஸை மாற்ற முடியும். பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், மெதுவாக விடுவிக்க வேண்டும். ராஸ்பெரி பையின் மூன்றாம் தலைமுறைக் கேமராவில் தானியங்கி ஃபோகஸ் உண்டு, ஆனால் தொடர் ஃபோகஸ் வேண்டும் என்று நிரலில் சொல்ல வேண்டும். புதிய கைபேசிகளில் பெரிய சென்சார் கொண்ட முதன்மைக் கேமரா மிக அருகே ஃபோகஸ் ஆகாது. அங்கே 2 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நிற்பது நல்ல தீர்வு.

அசைவுக் கலங்கலை ஃபோகஸ் கலங்கலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சேமித்த ஃபிரேமில் ஒரே திசையில் மட்டும் இழுபட்டிருந்தால் அது அசைவு. எக்ஸ்போஷர் நேரத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுவதே வழி. கூர்மையாக்கும் வடிகட்டிகள் இழந்ததை மீட்டுத் தருவதில்லை.

பளபளப்பான தாள், கைபேசித் திரை ஆகியவற்றிலிருந்து படிக்கும்போது தடுமாறுகிறதே?

விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் பக்கவாட்டில், சாய்வாக வையுங்கள். கேமராவையே 10-15 பாகை சாய்த்தாலும் மினுமினுப்பு கோட்டை விட்டு விலகும். அந்த அளவு சாய்வை நூலகங்கள் எளிதாகச் சரிசெய்யும். இருண்ட பெட்டிக்குள் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: இருண்ட காட்சியில் ஒளிரும் திரை வந்தால் தானியங்கி எக்ஸ்போஷர் ஏமாந்து திரையை வெளுக்க விட்டுவிடும். எக்ஸ்போஷரைக் கையால் பூட்டிவிடுங்கள்.

படத்தை முன்கூட்டியே கறுப்பு-வெள்ளையாக்கிக் கொடுத்தால் நல்லதுதானே?

பெரும்பாலும் இல்லை. நூலகம் தன் உள்ளே அதைச் செய்கிறது. அதுவும் பெரும்பாலும் உங்களை விடக் கவனமாக. நீங்கள் ஒரு முறை கறுப்பு-வெள்ளையாக்கியதும் விளிம்புகளில் இருந்த இடைநிலைச் சாம்பல் தகவல் போய்விடுகிறது. முதலில் மூலச் சாம்பல்நிறப் படத்தைக் கொடுங்கள். தோற்றால் மட்டும் மாற்றிய வடிவங்களை முயலுங்கள்.

தகவமை வரம்பை (ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றிய சிறு பகுதியோடு ஒப்பிட்டுக் கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்யும் முறையை) பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அந்தப் பகுதியின் அளவில், அதாவது சாளர அளவில், கவனம் தேவை. மூலைச் சதுரத்தின் நடுக்கட்டி 3×3 கட்டம். சாளரம் அதைவிடச் சிறியதாக இருந்தால் கட்டியின் உள்ளே சுற்றிலும் கறுப்பு மட்டுமே தெரிய, அந்த இடம் வெள்ளையாகிக் கட்டி உள்ளீடற்ற வளையமாகிவிடும். 1:1:3:1:1 விகிதம் குலைந்தால் கண்டறிதலும் போயிற்று. சாளரம் குறைந்தது 7 கட்ட அகலத்தைத் தாண்டட்டும்.

எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தருவது எது என்று கேட்டால் அளவு மாற்றம் என்பேன். கட்டத்துக்கு 2 பிக்சல் உள்ள படத்தை இரு மடங்காக்கினால் சில நூலகங்கள் படித்துவிடும். மறுபக்கம், 12 மெகாபிக்சல் புகைப்படத்தில் பெரிதாக இருக்கும் கோட்டை அரையாகவோ காலாகவோ சுருக்கினால்தான் படிக்கும். இசட்எக்சிங்கில் கறுப்பு-வெள்ளையாக்கும் கலப்பு முறை படத்தை 8×8 பிக்சல் துண்டுகளாகப் பிரித்து அக்கம்பக்கத் துண்டுகளை மட்டும் பார்த்து வரம்பைத் தீர்மானிக்கிறது. ஒரு கட்டமே அந்தப் பரப்பளவுக்கு வளர்ந்துவிட்டால் குழம்புகிறது. மூல அளவு, பாதி, இரு மடங்கு என்று மூன்றையும் வரிசையாக முயலும் சிறு சுற்று பல நாள் தலைவலியைத் தீர்க்கும்.

படத்தைத் திருப்பிப் பார்ப்பது வீண்வேலை. க்யூஆர் கோடு எந்தக் கோணத்திலும் படிக்கப்படும்படியே வகுக்கப்பட்டது. கண்ணாடிப் பிம்பம் வேறு: முன்கேமராவின் ஃபிரேமை இடவலம் மாற்றியே வாசிப்புக்கு அனுப்பினால் சில நூலகங்கள் தோற்கும். முன்னோட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டில் சில கைபேசிகளில் மட்டும் படிக்கவில்லை. ஒரே நிரல்தான்!

சேமித்த ஃபிரேமைத் திறந்து பாருங்கள். படம் சாய்வாக வழிந்து, கோடுகள் படிக்கட்டாகத் தெரிகிறதா? ஒளிர்வையும் வண்ணத்தையும் தனித்தனியாக வைக்கும் ஒய்யூவி வடிவில் கேமரா தரும் படத்தில் ஒவ்வொரு வரிசையும் நினைவகத்தில் அகலத்தை விடக் கூடுதல் பைட்டுகளை அடைக்கலாம். வரிசை நீளம் அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு நகலெடுத்தால், அப்படி இருக்கும் கைபேசிகளில் சரியாக வரும். வரிசை முடிவில் நிரப்புப் பைட்டு வைக்கும் கைபேசிகளில் படம் சரியும். வரிசை வரிசையாக, அது சொல்லும் நீளப்படி நகலெடுங்கள். ஒளிர்வுத் தளம் ஒன்றே போதும். வண்ணத் தளங்களை மாற்றி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

முதல் ஃபிரேம் மட்டும் வந்து பிறகு எதுவும் நடக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் கேமரா நூலகமான கேமராஎக்ஸில் ஃபிரேமை மூட மறந்திருப்பீர்கள். விதிவிலக்கு எழும் பாதையிலும் மூடப்படுகிறதா என்று பாருங்கள். அங்கேதான் அது தப்பிவிடும்: படிக்காத ஃபிரேமில் விதிவிலக்கு எழும், மூடும் வரி தாண்டப்படும், வாசிப்பு நின்றுவிடும்.

உலாவியில்?

கேமரா அனுமதிக்குப் பாதுகாப்பான இணைப்பு அல்லது உள்கணினி முகவரி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது: அளவு கேட்காமல் கேமராவைத் திறந்தால் பல உலாவிகள் 640×480-ஐத் தருகின்றன. 1280 அகலம் விருப்பம் என்று கேளுங்கள், பின்கேமராவையும் கேட்டுப் பெறுங்கள். வீடியோ தயாராவதற்கு முன் கேன்வாஸில் வரைந்தால் வெற்றுப் படமே கிடைக்கும். முதல் சில ஃபிரேம்கள் தோற்பதற்கு அதுவே காரணம். கேன்வாஸின் அளவை வீடியோவின் உண்மையான அளவுக்கு வையுங்கள், திரையில் தெரியும் அளவுக்கு அல்ல. ஐஃபோனில் வீடியோ பக்கத்துக்குள்ளேயே ஓட வேண்டும் என்ற பண்பைச் சேர்க்க மறக்காதீர்கள். உலாவிக்குள்ளேயே இருக்கும் பார்கோடு வாசிப்பு வசதி எல்லா உலாவிகளிலும் இல்லை. இருந்தால் பயன்படுத்தி, இல்லையென்றால் நூலகத்துக்கு மாறுங்கள்.

கோட்டைக் கேமரா முன்னிருந்து எடுத்த பிறகும் சில நொடி கழித்துப் படிக்கிறது.

ஃபிரேம்கள் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்குகின்றன. கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் தர, உங்கள் வாசிப்பு நொடிக்கு 8 மட்டும் முடித்தால், நீங்கள் பார்ப்பது பழைய காட்சி. ஓபன்சிவியில் ஃபிரேம் எடுப்பதைத் தனி இழையில் ஓட்டி, கடைசி ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுங்கள். பஃபர் அளவை 1 ஆக்கும் அமைப்பு உண்டு, எல்லாக் கேமரா இயக்கிகளும் அதை மதிப்பதில்லை.

எந்த நூலகம் சிறந்தது?

இந்தக் கேள்வியை இவ்வளவு கீழே வைத்தது வேண்டுமென்றேதான். ஓபன்சிவியின் உள்ளமைந்த வாசிப்பான் தனி நிறுவல் இல்லாமல் கிடைப்பதே அதன் பெரிய தகுதி. சிறிய, கலங்கிய கோடுகளில் அதை நான் நம்பமாட்டேன். அதன் கூடுதல் தொகுப்பில் வரும் வீசாட் வாசிப்பான் நரம்பு வலைப்பின்னலால் இடத்தைக் கண்டறிந்து சிறிய கோடுகளைப் பெரிதாக்கியும் பார்க்கிறது. கடினமான படங்களுக்கு அது நல்ல தேர்வு. இசட்பார் என்ற நூலகம் வேகமானது, வீடியோவுக்கு ஏற்றது. ஜாவா இசட்எக்சிங் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. அதன் சி++ வடிவம் தொடர்ந்து வளர்கிறது, பைதானிலிருந்தும் அழைக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

எதை எடுத்தாலும் நீங்கள் சேமித்த ஃபிரேம்களின்மேல் ஓட்டி எண்ணுங்கள். மற்றவர் தரவில் வென்ற நூலகம் உங்கள் கேமராவில் வெல்லும் என்ற உறுதி இல்லை.

இல்லாத கோட்டையெல்லாம் படித்ததாகச் சொல்கிறது!

வந்த முடிவின் வகையைப் பாருங்கள். க்யூஆர் கோட்டின் பிழைதிருத்தம் கண்டிப்பானது. தவறான உரை தப்பி வருவது மிக அரிது. முதல் பதிப்பின் எல் நிலையில் 7 திருத்தக் குறிச்சொற்கள் இருந்தும் 2 பிழையை மட்டுமே திருத்த அனுமதி, மீதி தவறான வாசிப்பைத் தடுக்கவே. போலி முடிவுகள் பெரும்பாலும் பட்டைக்கோடுகள் (பார்கோடு): துணியின் கோடு, சன்னல் கம்பி, கோட்டின் ஒரு வரிசை கூட இசட்பாருக்குப் பட்டைக்கோடாகத் தெரியும். க்யூஆர் வகையை மட்டும் தேடச் சொல்லி அழையுங்கள். வேகமும் கூடும், டேட்டாபார் என்ற பட்டைக்கோடு வகை பற்றி முனையத்தில் வழியும் எச்சரிக்கைகளும் நின்றுவிடும்.

படித்துவிடுகிறது, ஆனால் தமிழ் எழுத்துகள் குப்பையாக வருகின்றன.

இது நான்காம் படிநிலைச் சிக்கல், பைட்டுகளை எழுத்தாக்குவதில் வருவது. படத்தைத் தொட வேண்டாம். பைட் முறையின் இயல்பு எழுத்துத்தொகுதி ஐஎஸ்ஓ 8859-1. உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்று அறிவிக்க 26 என்ற எண்ணுள்ள ஒரு முன்குறி இருக்கிறது. உருவாக்கும் நிரல்கள் பல அதை எழுதுவதில்லை. வாசிப்பான் ஊகிக்கிறது. க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோவில் உருவானது என்பதாலோ என்னவோ, ஊகம் தவறும்போது உரை ஷிஃப்ட்-ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய எழுத்துத்தொகுதியாக எடுத்துக்கொள்ளப்படுவது வழக்கம். உருவாக்கும்போது முன்குறியைச் சேருங்கள். முடியாவிட்டால் நூலகத்திடம் உரையைக் கேட்காமல் மூலப் பைட்டுகளைக் கேட்டு, நீங்களே யூடிஎஃப்-8 ஆக மாற்றுங்கள்.

எழுத்து சரியாகத் தெரிந்தும் தரவுத்தளத்தில் பொருந்தவில்லை என்றால் இரண்டைச் சோதியுங்கள். ஒன்று, உரையின் இறுதியில் ஒட்டிக்கொண்ட வரிமுறிவோ இடைவெளியோ. இரண்டு, யூனிகோடு இயல்பாக்கம்: 'கொ' என்பதன் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, சரங்கள் சமமாகா. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

ஒரே கோடு பத்து முறை பதிவாகிறது.

வாசிப்பு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதே உரை கடைசியாகப் பார்வையில் இருந்து 2 நொடி ஆகும்வரை புறக்கணியுங்கள். இடையில் ஓரிரு ஃபிரேம் தவறினாலும் புதிய வரவாக எண்ணாதீர்கள்.

எவ்வளவு விழுக்காடு வெற்றி வந்தால் போதும்?

வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் படிக்க வேண்டியதில்லை. ஒரு ஃபிரேம் படிக்கும் வாய்ப்பு 30 விழுக்காடு என்றாலும், 10 ஃபிரேமில் ஒன்றாவது படிக்கும் வாய்ப்பு 97 விழுக்காடு. ஆனால் இந்தக் கணக்கு ஃபிரேம்கள் ஒன்றையொன்று சாராதபோதே செல்லும். அசையாமல் வைத்த கோடு, அசையாத கேமரா, மாறாத விளக்கு என்றால் பத்து ஃபிரேமும் ஒரே ஃபிரேம்தான். ஒன்றில் தோற்றால் எல்லாவற்றிலும் தோற்கும். அங்கே ஃபிரேமுக்கு ஃபிரேம் எக்ஸ்போஷரையோ அளவையோ நிரலே மாற்றிப் பார்க்கலாம். ஒற்றைப் படம் பதிவேற்றும் திட்டத்தில் இந்தச் சலுகை இல்லை.

யூஎஸ்பி கையடக்க ஸ்கேனர் தவறான எழுத்துகளைத் தருகிறது. கேமராவே இல்லையே?

அத்தகைய ஸ்கேனர்கள் பெரும்பாலும் கணினியிடம் தம்மை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்பவை. அவை அனுப்புவது எழுத்தை அல்ல, விசையை. அந்த நேரத்தில் கணினியில் தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், ஆங்கில அடையாள எண் தமிழ் எழுத்துகளாகப் பெட்டியில் விழும். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் இடம் மாறும். ஸ்கேனரின் கையேட்டில் உள்ள அமைப்புக் கோட்டைப் படிக்கச் செய்து அதைத் தொடர்வரிசை (சீரியல் போர்ட்) முறைக்கு மாற்றினால் விசைப்பலகைச் சிக்கல் முழுவதும் விலகும். உங்கள் நிரலும் மூலப் பைட்டுகளை நேரடியாகப் பெறும்.